விடுப்புக்குக் காரணம்

ஜனவரி 9

அன்புள்ள வாலுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "பிஸி" என்பாய். நான் கேட்பது உடம்பைப் பற்றி.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் உன்னைப் பிடித்தால், "ஒரு நிமிஷம் அண்ணி, இன்னொரு கால் வருது" என்கிறாய். அந்த ஒரு நிமிடம் போன வருஷம் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. கடிதத்தை நடுவில் வெட்ட முடியாதே, அதனால்தான். எழுதுவதும் வேலை நேரத்தில்தான். உள்ளே பல் டாக்டர் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார், எப்படியும் அரை மணி ஆகும். வெளியே வரவேற்பு மேஜையில் நானும் என் பேனாவும். எதிரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர்.

செய்தி இதுதான்: என் அப்பா எங்களோடு வந்துவிட்டார். அம்மா போன பிறகு தனியாகவே இருந்து பழகியவர். முழங்கால் மடங்க மறுத்ததும் உன் அண்ணனே போய்க் கையோடு கூட்டி வந்துவிட்டார். உன் பழைய அறையைத்தான் கொடுத்திருக்கிறோம். உன் புத்தகங்களை அட்டைப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

வந்த வாரமே மாடிவீட்டு அம்மாவுக்கு ஒரு டார்ச் லைட் விற்றுவிட்டார். எங்கே வாங்கினார், எப்போது வாங்கினார், யாருக்கும் தெரியாது. உன் அண்ணன் பொறுக்க மாட்டாமல், "மாமா, நாம என்ன கடையா வச்சிருக்கோம்?" என்று கேட்டார்.

"அதில்ல மாப்பிள்ளை. அவங்க படிக்கட்டுல வெளிச்சமே இல்ல. பார்த்தேன், மனசு கேக்கல."

மனசு கேட்கவில்லையாம். லாபம் மட்டும் கேட்டிருக்கிறது!

பல் வந்துவிட்டது போலிருக்கிறது, சத்தம் கேட்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு, நாலு வரியானாலும் சரி.

உன் அண்ணி

ஜனவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பும் நலம், நானும் நலம். இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டேன், போதுமா? பாங்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் புண்ணியத்தில் பேனா பிடிக்க எனக்கு இன்னும் வருகிறது.

மாமா டார்ச் விற்றதைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காவலாளி திரும்பிப் பார்த்தார்.

இங்கே ஓட்டம்தான். "மெத்தை கழுவுறதுக்கு ஒரு கம்பெனியா?" என்று அண்ணன் கேட்டாரே, இப்போது வந்து பார்க்கச் சொல்லுங்கள். மெஷினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நான் ஒருத்தி அலைந்த காலம் போய், இன்று ஒரு வேன், ஒரு கூட்டாளி, ஆறு ஆட்கள். கூட்டாளியைப் "பங்காளி" என்று கூப்பிட்டால் அவனுக்குக் கோபம் வருகிறது. ஆட்களில் மூத்தவர் சோப்பு அக்கா. எந்தக் கறைக்கு எந்த நுரை என்று அவர் சொன்னால் மறுபேச்சே கிடையாது.

அண்ணி, ஒரு உதவி வேண்டும். அடுத்த மாதம் புதிதாகத் தொழில் தொடங்கியவர்களுக்கு ஒரு பெரிய கூட்டம். என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் பேசி வைத்திருக்கும் முதலீட்டுக்காரரும் வருகிறார். இங்கே எல்லார் வாயிலும் ஒரே வார்த்தைதான், ஹஸில். நாலு பக்கமும் ஓடி, கையில் அகப்பட்டதைப் பிடித்து, விழுந்தாலும் எழுந்து பிழைப்பதற்கு அந்தப் பெயர். சட்டையில்கூட அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். மேடை ஏறுகிற ஒவ்வொருவரும் குடும்பத்திலிருந்து ஒரு ஓட்டக் கதை சொல்கிறார்கள். எங்கள் அப்பாவோ முப்பது வருஷம் ஒரே ஆபீஸ், ஒரே நாற்காலி, ஐந்தரைக்கு வீடு. இதைச் சொன்னால் கொட்டாவிதான் விடுவார்கள்.

மாமா செய்யாத வேலையே இல்லை என்று அண்ணன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் கதை ஒன்றைக் கடன் தருவீர்களா? நல்ல கதையாக, சிரிப்பு வருகிற மாதிரி.

டோக்கன் நம்பர் வந்துவிட்டது. அண்ணனுக்கும் மாமாவுக்கும் என் அன்பு.

உங்கள் வாலு

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நலம். அப்பாவுக்கு முழங்கால் கொஞ்சம் தேவலை. உன் அண்ணனுக்குத்தான் பரீட்சைத் தாள் திருத்தித் திருத்திக் கழுத்துவலி. கணக்கு வாத்தியாருக்குக் கழுத்து ஒருபக்கம் சாய்ந்தால் பிள்ளைகளுக்கு மார்க்கும் சாயுமா என்று அப்பா கேட்கிறார்.

கதைதானே? தாராளமாக எடுத்துக்கொள். அப்பாவிடமும் கேட்டேன். "சொல்லட்டுமே, கதைக்கு என்ன வாடகையா?" என்றார்.

அவர் காலையில் பேப்பர் போடுவார். பகலில் ஸ்டவ் ரிப்பேர். சாயங்காலம் பஸ் நிலையத்தில் சீப்பும் கைக்குட்டையும் விற்பார். மழை பிடித்தால் அதே பையிலிருந்து குடை வெளியே வரும். ஆனால் உனக்கு ஏற்றது பஸ் சீட்டுக் கதைதான். தூரத்து ஊருக்குப் போகிற பஸ் வந்து நின்றதும், அப்பா முதல் ஆளாக ஏறி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார். ராஜா மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். கூட்டம் நெருக்கும். மூட்டையோடு யாராவது வந்து நின்று பெருமூச்சு விட்டால், "உட்கார்றீங்களா? டீக்கு ஏதாவது பார்த்துக் குடுங்க" என்று எழுந்திருப்பார். உடனே இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறுவார். ஒரு சாயங்காலத்தில் எத்தனையோ ஊருக்குக் கிளம்பி எந்த ஊருக்கும் போகாத ஒரே பயணி அவராகத்தான் இருப்பார்.

சில நாள் கைக்குட்டைக் கட்டை வைத்துக்கொண்டு நான் கீழே நிற்பேன். அதையெல்லாம் மேடையில் சொல்ல வேண்டாம். இவ்வளவு போதும்.

நன்றாகப் பேசு. தண்ணீர் குடித்துவிட்டு மேடை ஏறு.

அண்ணி

மார்ச் 2

அண்ணி!!

நலமா என்றெல்லாம் நாளைக்குக் கேட்கிறேன். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது! "எந்த ஊருக்கும் போகாத பயணி" என்றதும் கூரையே பறந்துவிடும் போல இருந்தது. கடைசியில், "ஓட்டம் எங்க குடும்ப ரத்தத்துலயே இருக்கு" என்று சொல்லி முடித்தேன். முதலீட்டுக்காரர் கீழே இறங்கி வந்து கை கொடுத்தார். வீடியோவை அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன், மாமாவுக்குக் கட்டாயம் போட்டுக் காட்டுங்கள்.

ஆபீஸ் சுவரில் பெரிதாக எழுதி வைத்துவிட்டோம்: "உட்காராதே, ஓடு." கூட்டாளி ஒரு படி மேலே போய் நாற்காலிகளையும் எடுத்துவிட்டான். இனி நின்றுகொண்டேதான் மீட்டிங். சோப்பு அக்கா மட்டும் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொள்கிறார். அவரிடம் யார் பேசுவது!

ஆர்டர் குவிகிறது. ஓடுகிறேன்.

வாலு

மார்ச் 12

அன்புள்ள வாலுக்கு,

உன் சந்தோஷம் எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. நீ மேடையில் நின்ற அழகை உன் அம்மா பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிந்தாய். கேமராக் கோளாறு என்று சொல்லாதே.

ரத்தத்தைப் பற்றி ஒரு சின்னத் திருத்தம்: அந்த ரத்தம் எங்கள் வீட்டுடையது. உங்கள் வீட்டில் ஓடியது நல்ல அரசாங்க மசி.

அப்பாவுக்குப் போட்டுக் காட்டினோம். உன் பழைய கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தார். பஸ் கதை வந்ததும் அரங்கம் சிரித்தது, கை தட்டியது. அப்பா சிரிக்கவில்லை.

"எதுக்குக் கை தட்டுறாங்க?"

"நீங்க சீட்டு வித்ததுக்குத்தான் மாமா" என்றார் உன் அண்ணன்.

"அதுக்கா?"

"ஆமா மாமா. இப்பல்லாம் அது பெரிய திறமை."

"அதுக்கா கை தட்டுறாங்க?" மறுபடியும் அதையே கேட்டார். பிறகு, "இன்னொரு தடவ போடுங்க மாப்பிள்ளை" என்றார். மூன்று தடவை பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கை தட்டுகிற இடத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உற்றுக் கேட்டார்.

உன் அண்ணனுக்கு அந்த 'ஹஸில்' மண்டைக்குள் புகுந்துகொண்டது. அவர் படித்த காலத்து அகராதியில், இடித்துத் தள்ளுவது, ஏமாற்றிப் பறிப்பது என்று போட்டிருக்கிறதாம். போனில் தேடினால், ஊக்கத்தோடு உழைப்பது என்று வருகிறது. "அகராதிக்குள்ளேயே பதவி உயர்வு வாங்கின வார்த்தை இது ஒண்ணுதான்" என்கிறார்.

உனக்குத் தெரிந்திருக்காது, நீ அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. எங்கள் கல்யாணப் பேச்சு ஒரு தடவை நின்றுபோனது. அப்பா என்ன தொழில் என்று உன் அம்மா கேட்டார். இது, இது, இதுவும் என்று அப்பா அடுக்கினார். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்னு சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு உன் அம்மா எழுந்துவிட்டார். பிறகு உன் அண்ணன் பிடித்த பிடியில்தான் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். அத்தையைக் குறை சொல்லவில்லை. கடைசிக் காலத்தில் என் கையால்தான் சாப்பிட்டார். அந்தக் காலத்தில் ஊரே அப்படித்தான் பேசியது. அலையன், ஊர்சுற்றி, எத்தன் என்று ஓட்டத்துக்கு எத்தனையோ பெயர் இருந்தது. எதற்கும் யாரும் கை தட்டியதில்லை.

பஸ் நிலையத்தைப் பற்றி இன்னொன்று எழுத ஆரம்பித்தேன். டாக்டர் கூப்பிடுகிறார். இருக்கட்டும்.

அண்ணி

ஏப்ரல் 20

வாலு,

போன கடிதத்துக்குப் பதிலே இல்லை. கல்யாணப் பேச்சை எழுதியது உன் மனசைத் தைத்துவிட்டதா? உன் அம்மாவைப் பற்றிச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. போன் செய்தால் உன் கூட்டாளி எடுக்கிறான். "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்கிறான். அவன் குரலில் ஏதோ சரியில்லை.

கோபமென்றால் கோபமென்றே எழுது. திட்டினாலும் சரி. உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

அண்ணி

மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

கோபமெல்லாம் இல்லை, சத்தியமாக. வேலை நெருக்கடி, அவ்வளவுதான். இப்போது கொஞ்சம் ஓய்வாக ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். ஜன்னல் ஓரம், நல்ல காற்று. ஒரு வேப்பமரம்கூடத் தெரிகிறது. நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

அம்மா சொன்னதற்கு நான் வருத்தப்படுகிறேன் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

வாலு

மே 11

என் கண்ணு,

கையில் கிடைத்த தாளில் எழுதினாய் போலிருக்கிறது. அதன் மூலையில் மருந்துக் கம்பெனிப் படம், மாத்திரைப் பெயர். அப்படிப்பட்ட தாள் எந்த மேஜையில் கிடைக்கும் என்று டாக்டர் வாசலிலேயே இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரியாதா? நர்ஸிடம் வாங்கினாயா? ஜன்னல் ஓரம் என்றது கட்டிலைத்தானே?

உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வண்டியிலேயே கிளம்பிவிடுவார். என்ன ஆயிற்று என்று நீயே எழுது. எழுதத் தெம்பில்லை என்றால் "வாங்க" என்று ஒரு சொல் போதும், நான் வருகிறேன்.

நீ மறைத்தாய் என்று சொல்ல எனக்கு வாயில்லை. நானும் ஒன்றை மறைத்தேன். மார்ச்சில் எழுத வந்து நிறுத்தியது இதுதான்.

ஒரு சாயங்காலம் நான் கீழே கைக்குட்டைக் கட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அப்பா பஸ்ஸுக்குள் இருந்தார். ஒருவர் பணம் கொடுத்து உட்கார்ந்தார். அதற்குள் பின்னால் வேறொரு ஜன்னல் ஓரம் காலியாகவே கிடந்ததைப் பார்த்துவிட்டார். எழுந்து, "ஏமாத்துக்காரப் பயலே" என்று எல்லாரும் பார்க்க அப்பாவைக் கன்னத்தில் அறைந்தார். ஜன்னல் வழியாக எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்பா பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கும்பிட்டார். இறங்கி வந்து, "பஸ் திடீர்னு ஆடிச்சும்மா, கம்பியில இடிச்சுக்கிட்டேன்" என்றார். பஸ் நின்றுகொண்டிருந்தது. இஞ்சினே போடவில்லை. நானும், "வலிக்குதாப்பா?" என்று கேட்டதோடு சரி. பார்த்தேன் என்று இன்றைக்கு வரை சொல்லவில்லை.

உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சிரிப்பாகக் கொடு என்றாய், சிரிப்பை மட்டும் கொடுத்தேன். ஆனால் அந்தக் கைதட்டலை அப்பா உற்றுக் கேட்டபோது எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. உன்னிடம் சொல்லிவிட்டேன்.

அப்பாவும் உனக்கு ஏதோ எழுதி ஒட்டித் தந்திருக்கிறார். என்னவென்று கேட்டால், "ஆபீஸ் விஷயம்" என்கிறார். இதோடு வைத்திருக்கிறேன்.

உடனே எழுது.

அண்ணி

மே 10

மெத்தை கம்பெனி மேனேஜர் அம்மாவின் சமூகத்துக்கு,

உங்கள் அண்ணியின் தகப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். விண்ணப்பம் என்பதால் "நீங்கள்" போட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் பழையபடி "நீ"தான்.

நான் செய்யாத வேலை கிடையாது என்று மேடையில் சொன்னீர்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அது சரியில்லை. ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நான் வேலைக்குப் போனதே இல்லை. வேலைதான் செய்திருக்கிறேன். காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, "வேலைக்குப் போயிட்டு வரேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்களே, அதுதான் எனக்கு வாய்க்கவில்லை. உங்கள் தகப்பனாரை நினைத்து எத்தனையோ நாள் பெருமூச்சு விட்டிருக்கிறேன். அவர் ஓடவில்லை என்று நீங்கள் குறைப்படக் கூடாது. ஓட வேண்டிய அவசியம் இல்லாத மனிதரைக் கண்டால் என் கண்ணே பட்டுவிடும்.

உங்கள் கம்பெனியில் எனக்கு ஏதாவது வேலை உண்டா? படிப்பு ஐந்தாம் வகுப்பு. முழங்கால் ஒத்துழைக்காது, ஆனால் வாய் நன்றாக வேலை செய்கிறது. போனில் பேசுவேன். கோபக்காரர்களைச் சமாளித்த அனுபவம் நிறைய உண்டு.

பத்து மணிக்கு ஆரம்பித்து நாலு மணிக்கு முடிகிற மாதிரி இருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு ஆனாலும் சரி, மாதக் கடைசியில் வந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை லீவு. அது போக, நடுவில் நானாக ஒரு நாள் லீவு லெட்டர் எழுதிக் கேட்டால் கொடுக்க வேண்டும். லீவு லெட்டர் எழுத எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
மாமா

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

இப்போது நிஜமாகவே பரவாயில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டேன். அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஏப்ரலில் நாலாவது மாடி வீடு ஒன்றில் மெத்தையைத் தூக்கி நிறுத்தினேன். அவ்வளவுதான் ஞாபகம். கண் விழித்தபோது அவர்கள் மெத்தைமேலேயே படுத்திருந்தேன், பாதி ஈரத்தில். பிறகு காய்ச்சல் பிடித்துக்கொண்டது. சரியாவதற்குள் எழுந்து ஓடி, மறுபடி விழுந்து, இரண்டாம் தடவை அட்மிட் ஆனபோதுதான் அந்தப் பொய்க் கடிதம். டாக்டர் சிரித்துக்கொண்டே, "ரத்தம் கம்மி, சாப்பாடு கம்மி, தூக்கம் கம்மி. உங்ககிட்ட எதும்மா ஜாஸ்தி?" என்றார். "ஆர்டர் சார்" என்றேன். அவருக்குச் சிரிப்பு போய்விட்டது.

என்னோடு இருந்தவர் சோப்பு அக்கா. தலை வாரிவிட்டார். கஞ்சி ஊட்டினார். "ஊர் படுக்குற மெத்தையெல்லாம் கழுவிப் போடுறோம். நீ ஒழுங்காப் படுத்து எத்தன மாசம் ஆச்சு?" என்று திட்டினார். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, என்னோடு இருந்த நாட்களுக்கு அவர் சம்பளத்தைப் பிடித்துவிட்டிருக்கிறார்கள். கூட்டாளியிடம் சண்டைக்குப் போனேன். "நீ எழுதின ரூல்தான். வராத நாளுக்குச் சம்பளம் இல்ல" என்று காட்டினான். ஆமாம், என் எழுத்துதான். சோப்பு அக்காவிடம் கேட்டால், "நீ என்ன ஆள் பார்த்தா ரூல் போட்ட? விடும்மா" என்கிறார். அவர் ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த நேரத்தில்தான் உங்கள் கடிதமும் மாமா விண்ணப்பமும் ஒன்றாக வந்தன. முதலில் உங்கள் கடிதத்தைப் படித்தேன். அரங்கத்தில் சிரித்தவர்கள் யாருக்கும் அந்தப் பெண் குழந்தை கீழே நின்றது தெரியாது. எனக்கும் தெரியாது, அண்ணி. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? அன்றைக்கு இருந்த வெறியில் சொல்லியிருந்தாலும் இருப்பேன். அதுதான் பயமாக இருக்கிறது.

பிறகு மாமாவுடையதைப் படித்தேன். சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். அவருக்கு முறைப்படி வேலை உத்தரவு எழுதலாம் என்று பழைய உத்தரவின் நகல் ஒன்று கேட்டால், கூட்டாளி விழிக்கிறான். அப்படி ஒரு காகிதமே எங்கள் கம்பெனியில் இல்லை. சோப்பு அக்காவிடம், "உங்களுக்கு நான் என்ன எழுதிக் குடுத்தேன்?" என்று கேட்டேன்.

"வாயால சொன்ன. 'நாளையிலேர்ந்து வந்துடுங்கக்கா'ன்ன. வந்துட்டேன்."

மாமா கேட்ட ஒவ்வொன்றையும் எழுதினேன். நேரம், மாதச் சம்பளம், ஞாயிறு, கேட்டால் லீவு. எழுதி முடித்ததும் அதே காகிதத்தில் பெயர் மட்டும் மாற்றி இன்னும் ஆறு எடுத்தேன். பிடித்த சம்பளத்தையும் கொடுத்துவிட்டேன். முதலீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டு, "இது குடும்பம் நடத்துற மாதிரி இருக்கே, கம்பெனி மாதிரி இல்லையே" என்றார். இப்போது போனை எடுப்பதில்லை. கூட்டாளி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடுதான் என்று குறைத்துக்கொண்டோம். தாக்குப்பிடிப்போமா தெரியாது. நான் முழுசாக மாறிவிட்டேன் என்றும் நினைக்காதீர்கள். போன் அடித்தால் கை இன்னும் தானாகவே போகிறது. சுவரில் எழுதியது அப்படியேதான் இருக்கிறது. நாற்காலிகள் திரும்பி வந்து மறைப்பதால் பாதிதான் தெரிகிறது.

மாமாவின் உத்தரவு இத்துடன். கழுவிக் கொடுத்த வீடுகளுக்குப் போன் போட்டு, திருப்தியா என்று விசாரிக்க வேண்டும். பத்து முதல் நாலு வரை. கண்டிப்பாக.

உங்கள் வாலு

ஜூலை 18

அன்புள்ள வாலுக்கு,

இங்கே சுகம். உன் அண்ணன் உன் மேல் கோபமாக இருப்பதாகப் பேர். அடுத்த சனிக்கிழமை அங்கே வந்து நேரில் கோபப்படப் போகிறாராம். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. வகையாகத் திட்டு வாங்கிக்கொள்.

உன் ஊழியரைப் பற்றி முறைப்படி தெரிவிக்கிறேன். ஒன்பதரைக்கே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொள்கிறார். அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற பத்தடியைக் கடக்கும் முன்னால், "வேலைக்குப் போயிட்டு வரேம்மா" என்று என்னிடம் சொல்லிக்கொள்கிறார். நாலு மணி அடித்தால் பேசிக்கொண்டிருக்கிற வாக்கியத்தை முடிப்பார், அடுத்ததை ஆரம்பிக்க மாட்டார். அன்றைக்கு நாலு மணிக்கு மேல் யாரோ கூப்பிட்டார்கள். நான் எடுத்து நீட்டினால், "ஆபீஸ் மூடியாச்சுன்னு சொல்லு" என்றார். மாடிவீட்டு அம்மா டார்ச்சுக்கு பேட்டரி கேட்டு வந்தபோதும், "இப்ப நான் வியாபாரத்துல இல்லீங்க, உத்தியோகத்துல இருக்கேன்" என்று கடைக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டார்.

போன வாரம் உனக்கு லீவு லெட்டர் வந்திருக்குமே? அதை எழுத அவர் பட்ட பாடு! காய்ச்சல் என்று போடலாமா, உறவில் கல்யாணம் என்று போடலாமா என்று உன் அண்ணனைக் குடைந்தெடுத்தார். "உண்மையான காரணத்தைப் போடுங்க மாமா" என்றார் அவர். கடைசியில், "விடுப்புக்குக் காரணம்: சும்மா" என்று எழுதினார். நீ அதன் கீழே "அனுமதிக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாயே, அதை எத்தனை பேருக்குக் காட்டினார் தெரியுமா?

லீவு நாள் வந்தது. நானும் டாக்டரிடம் சொல்லி லீவு போட்டேன். காரணம் கேட்டார், எனக்கும் பொய் வரவில்லை, "சும்மா" என்றேன். காலையில் அப்பா குளித்துவிட்டு வந்து கூடத்தில் நின்றார். எங்கே உட்காருவது, எதைத் தொடுவது என்றே தெரியவில்லை.

"லீவுன்னா என்னம்மா செய்வாங்க?"

"ஒண்ணும் செய்யமாட்டாங்கப்பா."

"நாள் பூராவுமா?"

"நாள் பூராவும்."

பேப்பர் படித்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகு சோபாவில் சாய்ந்து, நீ கழுவுகிற கறைகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். பேச்சு நின்றது. பார்த்தால் தூங்கிவிட்டிருந்தார்.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மூச்சு சீராக வந்துபோனது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அந்தக் கன்னத்தை அவ்வளவு நேரம், அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் அப்பா என்றால் காலையில் கதவு சாத்துகிற சத்தம். அவ்வளவுதான். சின்ன வயதில் கூடப் படித்த பிள்ளைகளின் வீட்டுக்கு விளையாடப் போனால், வாசலிலேயே விரலை உதட்டில் வைத்து, உள்ளே அப்பா தூங்குகிறார் என்று அடக்குவார்கள். எனக்கு அது பெரிய பணக்காரத்தனமாகத் தோன்றும்.

அந்த நேரம் பார்த்து யாரோ வாசல் மணியை அடித்தார்கள். ஓடிப் போய்க் கதவைப் பாதி திறந்தேன். தண்ணீர் வரி வசூலிக்க வந்தவர். சத்தமாகப் பேச ஆரம்பித்தார்.

நான் விரலை உதட்டில் வைத்தேன். "மெதுவாப் பேசுங்க" என்றேன். "அப்பா தூங்குறாரு."

அண்ணி